மூன்று எழுத்துக்கு மௌரீன் போட்ட சொல்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் மௌரீனைப் பிடிக்கும் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கமாட்டார். ஆனால் வக்கீல் நோட்டீஸ் வந்தாலும், துபாயிலிருந்து பத்திரம் வந்தாலும், ஆஸ்பத்திரிக் காகிதம் புரியாவிட்டாலும் அவள் வீட்டு மாடிப்படியைத்தான் ஏறியாக வேண்டும். இங்கிலீஷ், தமிழ், கன்னடம் மூன்றிலும் அவள் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்த காகிதம் எதுவும் இதுவரை கோர்ட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. அதனால் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கிப் போனார்கள். திட்டுவதெல்லாம் தெருமுனை தாண்டிய பிறகுதான்.

தொண்ணூற்றொன்றில் அவள் ஸ்டெனோவாக இருந்த கம்பெனியை இழுத்து மூடினார்கள். அன்று மாலை மேனேஜர் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். மௌரீன் மட்டும், "சாவு வீட்டுல கேக் சாப்பிடற பழக்கம் எங்க வீட்டுல இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்றிலிருந்து வீட்டு மாடியறையில்தான் தொழில். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வேலையில் அவளுக்கு ஒரே சட்டம். எந்தச் சொல்லையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடக்கூடாது, அடைப்புக்குறியும் போடக்கூடாது. அடைப்புக்குறி என்பது அர்த்தம் தெரியாதவன் போய் ஒளிந்துகொள்ளும் இடம் என்பாள். ஒருமுறை வீட்டுக்காரர் ஒருவர் குடித்தனக்காரருக்கு அனுப்ப வேண்டிய இங்கிலீஷ் நோட்டீஸைத் தமிழாக்கக் கொண்டுவந்தார். "தயவுசெய்து காலி செய்யவும்" என்று ஏன் போடவில்லை என்று மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுக் கேட்டார். நீங்கள் எழுதியிருக்கிற மூன்று பக்கத்தில் தயவு எங்கே இருக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள் என்றாள் மௌரீன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடு தேடென்று தேடினார், பாவம்.

கீழ் வீட்டில் தங்கை ஜோவிதாவும் அவள் மகன் நீலும் இருந்தார்கள். அக்காளுக்கும் தங்கைக்கும் ஒன்பது வருடமாக ஆகாது. பேச்சே இல்லை என்று சொல்லிவிட முடியாது, சண்டைக்காகத் தினமும் பேசிக்கொண்டார்கள். நீலுக்கு இருபத்துநான்கு வயது. பொம்மசந்திராவில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் எச்.ஆர். அசிஸ்டென்ட். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுதான் கழற்றுவான்.

இரண்டாயிரத்து மூன்று ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் அவன் ஒரு உறையோடு மாடி ஏறி வந்தான்.

"ஆன்ட்டி, எங்க கம்பெனி வேலை. நாலே நாலு லைன். தமிழ்ல வேணும். புதன்கிழமை என்கொயரி."

"நாலு லைன் எழுத உங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் தமிழ் வராதா?"

"வெளி ஆள் செஞ்சு சைன் போட்டு, அங்கயே வந்து படிக்கணுமாம். என்கொயரி ஆபீசர் சொல்லிட்டாரு. நான்தான் உங்க பேரைக் குடுத்தேன்."

உறைக்குள் குற்றப்பத்திரிகையின் நகலும் அதற்குத் தொழிலாளி கொடுத்த பதிலின் நகலும் இருந்தன. மௌரீன் முதலில் அவற்றைப் படித்தாள்.

ஸ்ரீராம்புரத்துக்காரர் பழனிச்சாமி. பேக்கிங் பிரிவில் பதினோரு வருட வேலை. மே மாதம் ஒரு காலையில் ஆலை வாசலில் இருக்கும் செக்யூரிட்டி போனுக்கு அவருக்கு ஒரு செய்தி வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில், நிலைமை மோசம், உடனே வரவும். ஷிப்ட் நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் கேட் பாஸ் வேண்டும். சூப்பர்வைசர் நாகேஷிடம் கேட்டார். வாசலில் போய் நில், சொல்லி அனுப்புகிறேன் என்றார் நாகேஷ். பாஸ் வந்தது மதியம் இரண்டரை மணிக்கு, ஷிப்ட் முடிந்த சங்கு ஊதிய பிறகு. ஓசூர் ரோட்டு நெரிசலில் இரண்டு பஸ் மாறி அவர் போய்ச் சேர்ந்தபோது அப்பா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறாம் நாள் மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தார். பேக்கிங் பிரிவு வாசலில் நாகேஷ், "நிஜமாவே போயிட்டாரா?" என்று கேட்டார். பழனிச்சாமி கை ஓங்கி ஒன்று வைத்தார்.

மேலதிகாரியை அடித்தது குற்றம், வேலைநீக்கம்தான் தண்டனை என்று நிர்வாகம் சொன்னது. பழனிச்சாமி தன் பதிலில், நாகேஷ் தன் கோரிக்கையை மேலே அனுப்பவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது பொய் என்று காட்ட, ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாகேஷும் எச்.ஆரும் அன்று எழுத்தில் பேசிக்கொண்ட நான்கு வரியை நிர்வாகமே அச்செடுத்துச் சாட்சியமாகக் கொடுத்தது. பத்து நாற்பத்திரண்டுக்கே செய்தி போயிருக்கிறது பாருங்கள் என்று காட்டத்தான். இங்கிலீஷில் எழுதியதை இங்கிலீஷ் தெரிந்தவன்தான் படிப்பான் என்ற நினைப்பு. ஆனால் விசாரணை முறைப்படி எந்த ஆவணத்தையும் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அது அவர்களுக்கு உறைக்கவில்லை.

முதல் வரி நாகேஷுடையது. பழனிச்சாமி கேட் பாஸ் கேட்கிறான், அப்பாவுக்கு சீரியஸாம். இரண்டாவது வரி எச்.ஆர். மறுபடியுமா? அதற்குப் பின்னால் எல், ஓ, எல் என்று மூன்று எழுத்து. போன வருடமே ஒரு அப்பா போயாயிற்றே. மூன்றாவது வரியில் நாகேஷும் அதே மூன்று எழுத்தில் தொடங்கி, என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தார். நான்காவது வரி, ஷிப்ட் முடியட்டும்.

"இந்த மூணு எழுத்து என்னடா?"

"அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி. லோல். சத்தமா சிரிக்கறதுன்னு அர்த்தம். விட்டுடுங்க, வேர்டே இல்ல அது."

"வேர்டு இல்லன்னா எதுக்கு ஆளுக்கு ஒரு தடவ அடிச்சிருக்கீங்க? யாரு இந்த எச்.ஆர்.?"

நீல் அடையாள அட்டையைத் திருப்பிப் பிடித்தான். "நான்தான்."

"சிரிச்சியா?"

"என்ன?"

"இத அடிக்கும்போது சத்தமா சிரிச்சியான்னு கேக்கறேன்."

"யாரும் சிரிக்கமாட்டாங்க ஆன்ட்டி. சும்மா போடறதுதான்."

"சும்மான்னா?"

நீல் போன் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு படியிறங்கிவிட்டான்.

திங்கட்கிழமை காலை மௌரீன் கோல்ஸ் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அங்கே வேலை செய்த மமதா என்ற பெண், என்ன பார்க்கணும் மேடம் என்று கேட்டாள். "ஆளுங்களப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மௌரீன் ஒரு நாற்காலியை இழுத்து வரிசைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். காலேஜ் பிள்ளைகள் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. ஒரு பெண் முக்கால் மணி நேரத்தில் பதினான்கு தடவை அந்த மூன்று எழுத்தை அடித்தாள். பதினான்கு தடவையும் மௌரீன் அவள் முகத்தைத்தான் பார்த்தாள். உதட்டோரம்கூட அசையவில்லை. நடுவில் ஒரு கொட்டாவி வந்தது, அவ்வளவுதான்.

ஆக, சிரிப்பு என்று போட்டால் அது பொய். மௌரீன் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் சொற்களை எழுதி ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். கிண்டல் சமமான ஆட்களுக்கு இடையில் நடப்பது. கிண்டல் பண்ணினால் திருப்பிக் கிண்டல் வரும். நக்கலுக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும். அது இந்த நான்கு வரியில் எங்கும் தென்படவில்லை. எகத்தாளம் என்றால் ஆள் எதிரே நிற்க வேண்டும். பழனிச்சாமி நின்றது வாசலில். ஏளனம் என்று எழுதிப் பார்த்தாள். ஒருவனை ஏளனம் செய்வதற்கும் அவன்மேல் கொஞ்சம் கவனம் வைக்க வேண்டியிருக்கிறதே என்று அதையும் அடித்தாள். அலட்சியம் போலீஸ்காரர்கள் தேய்த்துவைத்த சொல். அலட்சியமாக லாரி ஓட்டினான் என்று எழுதி எழுதி அதில் மனுஷனே இல்லாமல் போய்விட்டான். காகிதம் முழுக்கக் கோடாகிவிட்டது. மௌரீனுக்கு மூவர்மேலும் கோபம் வந்தது. எழுதிய இருவர்மேலும், இப்படி ஒரு எழுத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ அவன்மேலும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஆலையின் எச்.ஆர். மேனேஜர் சேஷகிரி போன் செய்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"மேடம், அந்த மூணு லெட்டர் சும்னே, சும்மா ஒரு சைன். டாட் டாட் போட்டு விட்டுடுங்க."

"டாட் போட்டு விடற ஆள் வேணும்னா வேற ஆளப் பாருங்க சார்."

"அப்போ சிரிப்புன்னு போடுங்க. கேலி, கீலின்னு போட்டுடாதீங்க. அப்படிப் போட்டா அவன் அடிக்க ஒரு காரணம் இருந்துச்சுன்னு ஆயிடும். டிஸ்மிஸ் நிக்காது." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க நீல் எழுதினதும் அதுல இருக்கு. யோசிச்சுக்குங்க."

"மிரட்டறதுன்னா தெளிவா மிரட்டுங்க சார். அதையும் டைப் பண்ணி வெச்சுக்கறேன்" என்று சொல்லி மௌரீன் போனை வைத்தாள். பதினோரு வருடம் வேலை செய்த ஒருவருடைய சோறு இப்போது அவளுடைய தட்டச்சு மெஷினில் உட்கார்ந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும், சேஷகிரிக்கும் தெரியும்.

சாயங்காலம் ஜோவிதா மாடி ஏறி வந்தாள். சண்டைக்கு அல்லாமல் அவள் மாடிக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கையில் ஒரு கிண்ணத்தில் பாயசம் வேறு. பாயசத்தைப் பார்த்ததுமே வந்த காரியம் மௌரீனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, சிரிப்புன்னு போட்டுடேன். சிரிக்கறது ஒரு குத்தமா?"

"சிரிக்கலன்னு உன் பையனே சொல்றான்."

"அவனுக்கு வேலைல கன்ஃபர்மேஷன் வர்ற நேரம். இதுல பேர் கெட்டா என்ன ஆவறது? யாரோ ஸ்ரீராம்புரத்து ஆளுக்காக நம்ம வீட்டுப் பிள்ளையக் காட்டிக் குடுப்பியா?"

"காட்டிக் குடுக்க நான் எங்க போனேன்? அவன்தானே காகிதத்தக் கொண்டாந்தான்."

"அதான், நீ இருக்கேன்னு நம்பித்தான் கொண்டாந்தான். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். எங்க ஆன்ட்டிதான், நாம சொல்றத எழுதிக் குடுத்துடுவாங்கன்னு."

மௌரீன் தட்டச்சு மெஷினிலிருந்து கையை எடுத்தாள். "அப்படியா சொன்னான்? சிரிச்சுகிட்டு சொன்னானா?"

"இதுல சிரிக்க என்ன இருக்கு? சாதாரணமாத்தான் சொன்னான். நீ என்ன செய்யப் போற, தனியா இருக்கறவ, எங்கள விட்டா உனக்கு யாரு? அந்த உரிமைல சொன்னான்."

மௌரீன் மூன்று மொழியில் முப்பது வருடமாக ஒரு வார்த்தையைக்கூட யாருக்காகவும் மாற்றாதவள். ஆனால் சொந்த வீட்டுப் பிள்ளை, பகையில்லாமல், கேலியில்லாமல், ஒரு நொடிகூட யோசிக்காமல் அவளை ஒரு ஆபீஸ் சாமான் மாதிரித் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டான். இவள் என்ன செய்துவிடுவாள் என்ற ஒரே நினைப்பு. அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது, தங்கை முன்னால் அழ அவளுக்கு மனமில்லை. இதற்குப் பெயர் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இதுவரை அது தன்மேல் விழுந்ததாக ஒத்துக்கொள்ளாததால்தான் இரண்டு நாளாகக் கிடைக்கவில்லை.

"பாயசத்த எடுத்துட்டுப் போ ஜோவி" என்றாள். தங்கை படியிறங்குவதற்குள் மெஷினில் காகிதத்தைச் செருகி அந்தச் சொல்லை அடித்துவிட்டாள். இளக்காரம்.

புதன்கிழமை காலை பதினோரு மணி. ஆலையில் டிரெயினிங் ரூம் என்று ஒரு அறை. சுவர் முழுக்கப் பாதுகாப்புப் படங்கள். விசாரணை அதிகாரி தேசிகன் வெளியிலிருந்து வந்த வக்கீல், அறுபது தாண்டியவர். ஒரு பக்கம் சேஷகிரி, நாகேஷ், நீல். எதிர்ப்பக்கம் பழனிச்சாமி தனியாக உட்கார்ந்திருந்தார். துணைக்கு ஒரு சக தொழிலாளியை அழைத்துவரலாம் என்று விதி உண்டு. யாரும் வரவில்லை.

மௌரீன் எழுந்து நின்றாள். "படிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். எச்.ஆர். நீல் என் தங்கச்சி பையன். எழுதிக்குங்க." தேசிகன் எழுதிக்கொண்டார். பிறகு அவள் வாசித்தாள்.

"நாகேஷ், பத்து நாற்பத்திரண்டு. பழனிச்சாமி கேட் பாஸ் கேட்கிறான், அப்பாவுக்கு நிலைமை மோசமாம். எச்.ஆர்., பத்து நாற்பத்துமூன்று. மறுபடியுமா? இளக்காரம். போன வருடமே ஒரு அப்பா போயாயிற்றே. நாகேஷ், பத்து நாற்பத்துமூன்று. இளக்காரம். என்ன சொல்லட்டும்? எச்.ஆர்., பத்து நாற்பத்துநான்கு. ஷிப்ட் முடியட்டும்."

சேஷகிரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இது மொழிபெயர்ப்பே இல்லை, அந்த அம்மாவின் சொந்தக் கருத்து என்றார். தேசிகன் கையமர்த்தினார்.

"ஏம்மா, நேரா சிரிப்புன்னு போட்டிருக்கலாமே. எழுத்துக்கு அதானே அர்த்தம்?"

"எழுத்துக்கு அர்த்தம் அதான் சார். சிரிச்சிருந்தா அதையே போட்டிருப்பேன். அடிச்சவங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க. கேளுங்க."

தேசிகன் நீலைப் பார்த்தார். நீல் பெரியம்மாவைப் பார்த்தான். அவள் முகத்தில் அவனுக்கு உதவுகிற மாதிரி எதுவும் இல்லை.

"இல்ல சார். சிரிக்கல."

"நாகேஷ், நீங்க?"

"இல்ல சார். வேலை ஓடிட்டிருந்துச்சு. ஒரு பழக்கத்துல அடிச்சதுதான்."

பழனிச்சாமி அதுவரை மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

"போன வருஷம் செத்தது என் மாமனாரு சார். லீவு ஃபார்ம்ல மாமனாருக்கு எடமே இல்ல. அப்பான்னு எழுதுப்பா, மூணு நாள் கெடைக்கும்னு நாகேஷ் சார்தான் சொன்னாரு." குரல் உயரவில்லை. "சிரிச்சிருந்தாகூடப் பரவால்ல சார். சிரிக்கற நேரத்துக்காவது என்னைப் பத்தி நெனச்சிருப்பாங்க. வாட்ச்மேன் ரூம் பக்கத்துல நாலு மணி நேரம் நின்னேன். உள்ள எனக்காக யாரோ பேசிட்டிருக்காங்கன்னு நெனச்சுதான் நின்னேன்."

நாகேஷ் தலையைக் குனிந்துகொண்டார்.   அந்தச் சொல்லால் பழனிச்சாமியின் வேலையைக் காப்பாற்றலாம் என்று மட்டும்தான் மௌரீன் நினைத்திருந்தாள். அதைக் கேட்க வேண்டியவரும் இவர்தான் என்பதை யோசிக்கவில்லை. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்று வாரம் கழித்துத் தேசிகனின் அறிக்கை வந்தது. அடித்தது தவறு, ஆனால் அடிக்கத் தூண்டப்பட்டார், இரண்டு வாரச் சஸ்பென்ஷன் போதும் என்று எழுதியிருந்தார். பழனிச்சாமி பழைய பேக்கிங் பிரிவுக்கே திரும்பினார். நீலின் கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஜோவிதா அதன்பின் அக்காளோடு சண்டைகூடப் போடவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று விசாரணை முடிந்ததும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும். எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன், சரியென ஒப்புக்கொள்கிறேன். பழனிச்சாமி பேனாவை வாங்கி வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுது சார். சரின்னு எப்படிப் போடறது?"

"இந்தப் பக்கத்துல எழுதியிருக்கறது சரியா இருக்குன்னுதான்பா அர்த்தம். நடந்தது சரின்னு இல்ல" என்றார் தேசிகன். "கையெழுத்து இல்லன்னா விசாரணை முடியாது. உனக்குத்தான் கஷ்டம்."

"தெரியுது சார். ஆனா அதுக்குக் கீழ எங்கப்பா வெச்ச பேரு இருக்குமே."

மௌரீன் காகிதத்தை அவரிடமிருந்து வாங்கி அந்தக் கடைசி இரண்டு சொல்லைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டாள். வேலையில் அவள் இப்படிச் செய்தது முதல் தடவை. தேசிகன் பார்த்தார், தடுக்கவில்லை. பழனிச்சாமி நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார்.

அடுத்து சாட்சிகள். நாகேஷ் சட்டென்று கிறுக்கிவிட்டு வெளியே போனார். நீல் காகிதத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தான். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. எண்களையும் கேள்விக்குறியையும் வைத்துத் தன் வரியைக் கண்டுபிடித்து, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தான்.

"ஆன்ட்டி, எளக்காரம்னு படிச்சீங்களே. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"இங்கிலீஷ்ல நீ எழுதினதுதான்டா" என்றாள் மௌரீன்.

நீல் அந்தச் சொல்லைவிட்டு விரலை எடுக்காமல் இன்னொரு கையால் பேனாவை எடுத்தான். பிறகு அதன் கீழே கையெழுத்துப் போட்டான்.